வீடு புறப்பட்ட நாள்

அத்தியாயம் 19

பல் டாக்டர் சொன்னபடியே செய்துவிட்டார்.

"வீடு நகரும்போது நான் உள்ளதான் இருப்பேன்" என்று முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் அறிவித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிந்து பார்த்தால் வாடகை வீட்டில் அவர் கட்டில் காலி. வாசலில் செருப்பைக் காணோம். ஆணியில் கிளினிக் சாவியையும் காணோம்.

மருமகளுக்கு எங்கே தேடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நேராகச் சொந்த வீடு இருந்த தெருவுக்கு ஓடினாள்.

அந்த மூன்று மாடி வீடு அஸ்திவாரத்திலிருந்து அறுத்து எடுக்கப்பட்டு, இரும்பு விட்டங்களின் மேல் இடுப்பளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது. ஏணியில் ஏறி முன்கதவைத் தள்ளினாள். திறந்துதான் இருந்தது. உள்ளே, முப்பத்தைந்து வருஷமாக ஊரார் வாயைப் பிளந்துகொண்டு படுத்த அந்தச் சாய்வு நாற்காலியில் டாக்டர் சுகமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தார். தரையோடு முடுக்கிய நாற்காலி அது. வீட்டில் கழற்றி எடுக்க முடியாமல் போன ஒரே சாமான்.

"மாமா, எழுந்திருங்க."

"எதுக்கு? ஆபரேஷன் நடக்கறப்போ டாக்டர் வெளியில போவாரா?"

"இன்னிக்கு ஆபரேஷன் பண்றது நான். நீங்க நோயாளியோட சொந்தக்காரர். சொந்தக்காரங்க வெளியிலதான் உட்காரணும்."

டாக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"இதோ பாரு ரசமட்டம்," என்றார்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே, சாப்பாட்டு மேஜை ஒரு பக்கம் அரை விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் வைத்த பேர் அது, கொத்தனார் சாய்வு பார்க்கிற கருவியின் பேர். மேஜையின் காலுக்கு அட்டை வைத்துச் சரிசெய்தார்கள். பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"விழாதுன்னு நிச்சயமா சொல்லுவியா?"

"விழாதுன்னு நம்பறதாலதான் தள்ளப் போறேன். ஆனா நீங்க உள்ள இருந்தீங்கன்னா என் கண்ணு ஜாக்கி மேல இருக்காது, உங்க மேலதான் இருக்கும். அப்போ என்ன வேணா ஆகலாம்."

டாக்டர் முனகிக்கொண்டே எழுந்து, செருப்பை மாட்டி, ஏணியில் இறங்கினார். கீழே இறங்கியதும் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியின் தோளைத் தட்டுவாரே, அதே தட்டு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகலாம்.

முந்நூறு வருஷத்துப் பழைய பேட்டை அது. வளைவு வாசல்களும் இரும்புக் கம்பி பால்கனிகளும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளும் நிறைந்த இடம். அதன் நட்டநடுவில் நாற்பத்திரண்டு மாடிக்குச் சொகுசுக் குடியிருப்புக் கோபுரம் ஒன்று எழும்பப் போகிறது. இருபத்தொரு கட்டடங்களைக் கம்பெனி வாங்கி இடித்தாகிவிட்டது. டாக்டர் மட்டும் விற்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் வீடு காப்பாற்ற வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் வேறு இருந்தது. கம்பெனி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, அதே கம்பெனியில் கட்டுமான இன்ஜினியராக இருந்த மருமகள்தான் சொன்னாள்: "இடிக்க வேண்டாம். நகர்த்திடலாம். சந்துக்கு அந்தப் பக்கம், பழைய பேக்கரி இடம் காலியாத்தானே கிடக்கு."

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழு மாதம் கழித்து யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரின் மகள், அதாவது நம் இன்ஜினியரின் நாத்தனார், அதே கோபுரத்தின் வீடுகளை விற்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். ஆக, ஒரே குடும்பத்தில் ஒருவர் கோபுரத்தை எதிர்த்தார், ஒருத்தி கட்டினாள், ஒருத்தி விற்றாள். மூன்று பேருக்கும் சோறு போட்டு நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொண்டது டாக்டரின் மனைவி, அதாவது இன்ஜினியரின் அத்தை. இன்ஜினியரின் கணவன் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். சிக்னல் கிடைக்காத இடம்.

மாநகராட்சி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. சந்தின் குறுக்கே, வழியை மறித்துத்தான் வீடு போக வேண்டும். அந்தப் பேட்டைக்குள் தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு அகலமான சந்து அது ஒன்றுதான். அதனால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் அனுமதி. ஆறு மணி அடிக்கும்போது வீடு சந்தில் நின்றால், அது ஆபத்தான கட்டடம் என்று அறிவிக்கப்படும். அப்புறம் இடிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதினான்கு மீட்டர். பன்னிரண்டு மணி நேரம். அறுநூறு டன்.

ஆறரை மணிக்கு ஜாக்கி மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவள் பச்சைக் கொடியைத் தூக்கினாள்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. நான்கு ஜாக்கிகளும் மூச்சுப் பிடித்த மாதிரி முனகின. பிறகு தண்டவாளத்தில் உருளைகள் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டன. பக்கத்துப் பால்கனியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஆள் பிரஷை வாயிலேயே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

"நகருது," என்றாள் யாரோ ஒரு பெண், ரகசியம் சொல்வது போல.

வீடு நகர்ந்தது. சுவரும் ஜன்னலும் மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டியும் எல்லாம் ஒன்றாக, நத்தைக்கே பொறுமை போகிற வேகத்தில் நகர்ந்தன. ஒரு தள்ளுக்கு அறுபது சென்டிமீட்டர். பிறகு ஜாக்கியைச் சுருக்கி, முன்னால் இழுத்து முட்டுக்கொடுத்து, மறுபடி ஒரு தள்ளு. மொத்தம் இருபத்து மூன்று தள்ளும் கடைசியில் ஒரு சின்ன உந்தலும்.

தெருவே திரண்டு வந்துவிட்டது. பூட்டுக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு அப்படியே நின்றார். அச்சகத்து ஆட்கள் மை படிந்த கையோடு ஓடி வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மொத்த வகுப்பையும் வரிசையாக நடத்திக்கொண்டு வந்து கயிற்றுக்கு வெளியே உட்கார வைத்தார். ஒவ்வொரு தள்ளு முடியும்போதும் பிள்ளைகள் எண்ணிக்கையைக் கத்தினார்கள். ஆறு. ஏழு. எட்டு.

கயிற்றை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு டாக்டரும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே வருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "வேர் உடையாம கடைவாய்ப் பல்லை எடுக்கற மாதிரிதான். அவசரப்பட்டா வேர் உள்ள நின்னுடும். என் மருமக அவசரப்பட மாட்டா."

இது அவள் காதில் விழுந்தது. வாங்கிக்கொள்ளாதது போல நடந்தாள். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று குதித்தது.

அவளுடைய மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் கம்பெனி வைத்த பதினாறு சென்சார்களின் கணக்கு, பச்சைப் பச்சையாக. இன்னொன்றில் ஒரே ஒரு படம். வீட்டின் மாடிப்படிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வரை ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே வட்டங்கள் வரைந்த காகிதத்தை ஒட்டி, ஒரு கேமராவை வைத்திருந்தாள். குண்டின் கூர் நடுப்புள்ளியில் இருந்தால் வீடு நேராக நிற்கிறது என்று அர்த்தம்.

"இந்தக் காலத்துலயும் குண்டா?" என்று டைரக்டர் கேட்டிருந்தார். இந்தத் திட்டத்துக்கே தலைவர் அவர். பளபளக்கும் ஷூவில் ஒரு தூசி கூட ஒட்டாமல் கட்டட வேலை இடத்தில் நடக்கத் தெரிந்தவர்.

பதினைந்தாவது தள்ளு முடிந்தபோது மணி பதினொன்று. ஒன்பது மீட்டர். பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. எதிர்ப்புறம் விற்பனை அலுவலகத்தின் மாடியில் நாற்பது ஐம்பது பேர் கையில் குளிர்பானத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபுரத்தில் வீடு வாங்க வந்தவர்கள். வீடு நகர்வதைக் காட்டியே விற்பது என்பது நாத்தனாரின் யோசனை. அவள் குரல் ஸ்பீக்கரில் வெண்ணெய் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

பதினாறாவது தள்ளு தொடங்கியது.

இருபது சென்டிமீட்டர் போயிருக்கும். குண்டின் கூர் நடுப்புள்ளியை விட்டு விலகியது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். விலகல் இரண்டு மில்லிமீட்டர். காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். மூன்று. உள்ளே காற்றுக்கு வழியே இல்லை. நான்கு.

சிவப்புக் கொடி மேலே போனது. ஜாக்கிகள் நின்றன. பிள்ளைகள் 'பதினா' என்று தொடங்கிய எண்ணிக்கையை அப்படியே விழுங்கினார்கள்.

டைரக்டர் வேகமாக வந்தார். "என்னம்மா? சென்சார் எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"சென்சார் மொத்த வீட்டுக்கும் சராசரி சொல்லுது சார். குண்டு முன்பக்க இடது மூலையைச் சொல்லுது. அங்க தண்டவாளம் இறங்குது."

மேஸ்திரி குப்புறப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஆமாம்மா. ஆறு மில்லி இறங்கியிருக்கு. மண்ணு உள்வாங்குது."

"மண் பரிசோதனை பண்ணியாச்சே?" என்றார் டைரக்டர்.

"அஞ்சு மீட்டருக்கு ஒரு துளை போட்டோம். ரெண்டு துளைக்கு நடுவுல என்ன இருக்குன்னு துளைக்குத் தெரியாது."

"இன்னும் ஒரு தள்ளு தள்ளினா தாண்டிடும்ல?"

"எதைத் தாண்டறோம்னே தெரியாம எப்படி சார் தாண்டறது?"

மேஸ்திரி ஒரு கடப்பாரையை எடுத்துத் தண்டவாளத்தை ஒட்டித் தரையில் இடித்தார். பொத், பொத் என்றது. ஒரு முழம் தள்ளி இடித்தார். டொங்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே வெற்றிடம்.

எவ்வளவு பெரியது? எந்தப் பக்கம் ஓடுகிறது? ஒரு பீப்பாய் அளவா, ஒரு அறை அளவா? நிலவறையாக இருந்தால் வீட்டின் முன்பாதியே அதன் மேல்தான் நிற்கிறது. துளையிடும் வண்டிக்கு போன் போட்டாள். மூன்று மணிக்குத்தான் வர முடியும் என்றார்கள். மூன்று மணிக்கு வந்து, துளை போட்டு, கணக்குப் பார்த்து, சரிசெய்து, மிச்சமுள்ள எட்டுத் தள்ளும் தள்ள வேண்டுமென்றால் ஆறு மணி எங்கேயோ போய்விடும்.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் 'டக்' என்றது. டைரக்டர் ஏற்கெனவே நாத்தனாருக்கு போனில் உத்தரவு போட்டிருந்தார்: ஆட்களுக்கு டீ இடைவேளை என்று சொல். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று கீழே இருந்தவர்களும் கேட்டார்கள்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும்," என்றது குரல். இப்போது அதில் வெண்ணெய் இல்லை. "வீடு நின்னுடுச்சு. இது இடைவேளை இல்ல. தரையில ஏதோ கோளாறு, அதனால எங்க அண்ணி நிறுத்திட்டாங்க. நிறுத்தாதீங்கன்னு மேலிடத்துல சொல்லியும் நிறுத்தியிருப்பாங்க, எனக்கு அவங்களைத் தெரியும். நீங்க வாங்கப் போற நாற்பத்திரண்டு மாடிக்கும் அடியில இரும்பையும் கான்க்ரீட்டையும் சரிபார்க்கறதும் அவங்கதான். வீட்டுக்குப் போகணும்னா போகலாம். இருந்து பார்க்கணும்னா சாப்பாடு இருக்கு."

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாடியில் ஒருவரும் கிளம்பவில்லை. சிலர் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து இன்னும் நன்றாக எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினியருக்கு மூக்கு நுனி சுள்ளென்றது. இரண்டு வருஷமாக இந்த நாத்தனாரோடு குளியலறை வாளிக்குச் சண்டை போட்டவள் அவள்.

"ஏம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அத்தை. கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்திருந்தாள்.

"அத்தை, இங்க வரக் கூடாது. வெளியில நில்லுங்க."

"நிக்கறேன். அந்த டொங்குன்னு சத்தம் வந்துச்சே, அது எண்ணெய்த் தொட்டி."

"என்ன தொட்டி?"

"பேக்கரி அடுப்புக்கு எரிஎண்ணெய் ஊத்தி வெச்ச இரும்புத் தொட்டி. தரைக்கு அடியில. அடுப்பை மின்சாரத்துக்கு மாத்தினதும் காலி பண்ணிட்டு மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. இங்க ஒரு விளக்குக் கம்பம் இருந்துச்சே, அடியாவது இருக்கா?"

மேஸ்திரி தேடிக் காட்டினார். அறுத்த கம்பத்தின் அடிக்கட்டை, தரையோடு தரையாக.

அத்தை செருப்பைக் கழற்றினாள். கம்பத்தில் குதிகாலை வைத்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்து, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐம்பது பேர் மாடியிலிருந்தும் இருநூறு பேர் தெருவிலிருந்தும் அந்தப் பாதங்களையே பார்த்தார்கள். பதினோரு அடியில் நின்றாள்.

"இங்க மூடி. இதிலேர்ந்து தொட்டி சந்து ஓரமா, தண்டவாளத்துக்குக் குறுக்காப் படுத்திருக்கும். நீளம் பன்னிரண்டு அடி. அகலம் என் ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவோ அவ்வளவு. ஆழம் ஒரு ஆள் உயரம். அவ்வளவுதான், வேற பள்ளம் கிள்ளம் எதுவும் இல்ல."

"அத்தை, இது எப்படி உங்களுக்கு இவ்வளவு துல்லியமா?"

"கோல் விட்டு எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு தினம் பார்த்தது நான்தானே."

டாக்டர் அதற்குள் கயிற்றருகே வந்துவிட்டார். "நீ கவுன்ட்டர்லதானே நின்ன? உன்கிட்டதானே நான் தினம் பன் வாங்கினேன்?"

"கவுன்ட்டர்லயும் நின்னேன்," என்றாள் அத்தை.

மேஸ்திரி அந்த இடத்தில் மண்வெட்டி போட்டார். இரண்டடியில் 'டங்' என்றது. மண்ணை ஒதுக்கினால் துருப்பிடித்த வட்ட மூடி. பள்ளியிலிருந்து வந்த வாத்தியார் முதலில் கை தட்டினார். பிறகு தெரு முழுக்கத் தட்டியது.

அதற்கப்புறம் இன்ஜினியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெற்றிடத்தின் எல்லை தெரிந்துவிட்டது. தொட்டி குறுக்காகப் படுத்திருக்கிறது என்றால் தண்டவாளம் தாண்ட வேண்டியது வெறும் ஐந்தரை அடிதான். இரண்டு பக்கமும் கெட்டி மண். பாலம் போட்டால் தீர்ந்தது.

"மேஸ்திரி, பன்னிரண்டடி இரும்பு விட்டம் நாலு வேணும். கோபுரத்துக்கு வந்து இறங்கினது இருக்கே, அதிலேர்ந்து எடுங்க. அதுக்குள்ள தொட்டிய சீக்கிரம் இறுகற கலவையால நிரப்பணும். பம்ப் வண்டி எங்க?"

"கோபுரத்துக் குழியில."

"திருப்பச் சொல்லுங்க."

"அங்க இன்னிக்குக் கான்க்ரீட் போட வேண்டியிருக்கு," என்றார் டைரக்டர்.

"சார், உங்க கோபுரம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்."

டைரக்டர் அவளைப் பார்த்தார். மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்களைப் பார்த்தார். போனை எடுத்தார். "பம்ப் வண்டியை இந்தப் பக்கம் அனுப்பு. ஆமா, நான்தான் சொல்றேன்." போனை வைத்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஷூவோடு சேற்றில் இறங்கி, பம்ப் வண்டி பின்னால் வருவதற்குக் கை காட்டினார்.

அந்த மூன்றரை மணி நேரம் எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தார்கள். கலவை தொட்டிக்குள் குபுகுபுவென்று இறங்கியது. சின்ன ஜாக்கி இரண்டைக் கொண்டுவந்து வீட்டின் மூலையை மயிரிழை மயிரிழையாக ஆறு மில்லி தூக்கினார்கள். அடியில் விட்டங்களைச் சொருகி, தகடு வைத்து, தண்டவாளத்தை மறுபடி படியவிட்டார்கள். குண்டின் கூர் மெல்ல மெல்ல வட்டங்களைக் கடந்து நடுப்புள்ளிக்குத் திரும்பியது. யாரோ அவள் வாயில் எதையோ ஊட்டினார்கள். மென்றாள். பார்த்தால் டாக்டர்.

"மெதுவா மெல்லு. பல்லுல ஒட்டும்," என்றார்.

மூன்று மணி. மேஸ்திரி தண்டவாளத்தை முஷ்டியால் குத்திப் பார்த்தார். "பாறை மாதிரி இருக்கும்மா."

அவள் எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே போகச் சொன்னாள். பச்சைக் கொடியைத் தூக்கினாள்.

உருளைகள் 'கிர்ர்' என்றன. அவள் குண்டை மட்டும் பார்த்தாள். முன்பக்க மூலை தொட்டியின் மேல் ஏறியது. குண்டு அசையவில்லை. தொட்டியின் நடுவுக்கு வந்தது. அசையவில்லை. மேஸ்திரி தரையோடு தலை வைத்துப் படுத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பதினாறு," என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

பதினெட்டில் முன்பக்க மூலை தொட்டியைத் தாண்டிவிட்டது. பத்தொன்பதில் ஸ்பீக்கரில் நாத்தனாரும் சேர்ந்து எண்ணத் தொடங்கினாள். இருபதில் மாடியில் இருந்தவர்களும் எண்ணினார்கள். இருபத்தொன்றில் டாக்டர் நாற்காலி மேல் ஏறி நின்றார், அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று முடிந்து அந்தக் கடைசிச் சின்ன உந்தலில், புது அஸ்திவாரத்தின் விளிம்பும் வீட்டின் விளிம்பும் பெட்டியும் மூடியும் போலப் பொருந்தின.

மணி ஐந்து இருபத்தாறு.

மாநகராட்சி அதிகாரி சந்தில் இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை நடந்து பார்த்தார். வழி திறந்து கிடந்தது. குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு, இன்ஜினியரிடம் கை குலுக்கி, கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க வீட்டுல மாடிப்படி ஒரு பக்கம் இறங்கியிருக்கு, ஒருநாள் வந்து பார்ப்பீங்களா?" என்று கேட்டார்.

நாத்தனார் அலுவலகப் படிகளில் குதித்தோடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒன்பது வீடு போயிடுச்சு அண்ணி, இன்னிக்கு ஒரே நாள்ல," என்றாள்.

"போயிடுச்சா?"

"வித்துப் போயிடுச்சுன்னு சொல்றேன். எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், எங்க மாடிக்கும் அவங்கதானே இன்ஜினியர்னு."

டாக்டர் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஏணியில் ஏறி உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு மாடியாக ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடியிலிருந்து தலை நீட்டி, "இங்கேர்ந்து கடிகாரக் கோபுரம் தெரியுதுடி," என்று மனைவியைப் பார்த்துக் கூவினார். "இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே."

கூட்டம் கலைந்து, விளக்குகள் போட்ட பிறகு, இன்ஜினியர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வேலை நின்றால் காரணத்தை அன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும், கம்பெனி விதி. நின்ற நேரம், நின்ற இடம், காரணம், சரிசெய்த விதம் எல்லாம் எழுதி முடித்தாள். கடைசிக் கட்டம்: தகவல் தந்தவர், அந்த இடத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு.

'பேக்கரியின் முன்னாள் ஊழியர்' என்று எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க அத்தை."

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள்.

"இது தப்பும்மா."

"எது?"

அத்தை பேனாவை வாங்கினாள். 'முன்னாள் ஊழியர்' என்பதன் மேல் நேராக ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே, குண்டு குண்டான எழுத்தில், ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்ஜினியர் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

உரிமையாளர்.

"அத்தை, இது கம்பெனி ரிப்போர்ட். விளையாட்டுக்கு எதுவும் எழுதக் கூடாது."

"எனக்குத் தெரியாதா?" அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். "இந்த வீடு இப்போ நிக்குதே, இந்த இடம். இதுல பாதிக்குப் பத்திரம் என்கிட்ட இருக்கு. கம்பெனி மீதிப் பாதிக்காரர்கிட்ட மட்டும்தான் கையெழுத்து வாங்கியிருக்கு."

இன்ஜினியர் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மேலே டாக்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு ஜன்னலைத் திறந்தார். அத்தை அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது என் பேர்ல இருக்குன்னே உங்க மாமாவுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"